இடுப்பளவு வாசல்

பசை தெர்மகோலைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் கண் முன்னாலேயே. தடவிய இடமெல்லாம் குழி விழுந்தது. விளிம்பு சுருங்கிப் பலகை பல்லை இளித்தது.

பைக் சீட்டுக்கு உறை தைத்துப் பிழைக்கிறவள் அவள். ரெக்சினையும் ஸ்பாஞ்சையும் ஒட்டுகிற அந்த மஞ்சள் பசையை விட்டால் உலகத்தில் வேறு பசை கிடையாது என்று நம்பியிருந்தாள். நம்பிக்கை ஒரு முழுச் சுவரைக் காவு வாங்கிவிட்டது.

“நாசமாப் போ” என்று டப்பாவைத் திட்டினாள். தனக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்துக்கொண்டாள்.

மறுநாள் தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையோடு வந்தாள். அது சமர்த்தாக ஒட்டியது.

அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில்தான் அந்தச் சக்கர வீட்டு வேலை. கீழே இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம். அதன் மேல் தெர்மகோல் சுவர்கள். தூத்துக்குடியில் மீன் பெட்டிக்குப் போகிற அதே சரக்கு. சுவர் மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் பசையில் நனைத்துப் போர்த்தினாள். சுருக்கம் விழாமல் துணியை இழுத்துப் பிடிப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்ததும் வெளிச்சுவர் பெயின்ட்.

ஓர் ஆள் படுக்கலாம். தையல் மெஷினை ஓரமாக வைக்கலாம். திருச்செந்தூருக்கு வருகிற பைக்குகளில் பாதிக்குச் சீட்டு கிழிந்துதான் கிடக்கிறது. கடையோடு வீட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இழுக்கப்போவது பக்கச் சக்கரம் வைத்த அவளுடைய ஸ்கூட்டர். அதனால்தான் கனமில்லாத தெர்மகோல்.

வலது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. இடது காலையும் ஊன்றுகோலையும் முன்னால் வைத்து, வலதைப் பின்னால் இழுத்து நடப்பாள்.

தெருவில் போனவர்கள் சும்மா போகவில்லை. மீன் பெட்டி என்றார்கள். கடல் காற்றுக்குப் பறந்துவிடும் என்றார்கள்.

“பறந்தா பெட்ரோல் மிச்சம்” என்றாள்.

ஆனால் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்ன குறை ஒன்று இருந்தது. வாசல். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் அதை வெட்டியிருந்தாள். படியும் இல்லை.

“வாசல இம்புட்டு மேல வச்சிட்டியே, ஏட்டி” என்றான் அண்ணன். “ஆசாரியக் கூப்பிட்டு எறக்கி வச்சுத் தாரேன். ஒரு படியும் போட்ருவோம். நல்ல நாளாப் பாத்துப் பால் காய்ச்சலாம்.”

நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதி.

மதினி அதற்கும் மேலே போனாள். “வீடுன்னா ஒரு நெலவாசல் வேண்டாமா? வலது கால எடுத்து வச்சு...”

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடித்து என்ன செய்ய.

அண்ணன் வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாளில், சொந்தபந்தமெல்லாம் வாசலில் கூடி நிற்க, மதினி அவள் காதோரம் சொன்னாள்: “நீ மட்டும் பின்வாசல் வழியா வந்துரு, ஏட்டி. நல்ல காரியம் பாரு.”

அவளுக்கு இடது கால்தானே முதலில் நிலையைத் தாண்டும்.

சுற்றிக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மிஞ்சிக் கிடந்த ஜல்லியில் ஊன்றுகோல் வழுக்க வழுக்க. அண்ணன் பார்த்தான். பார்த்துவிட்டு, ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொன்னான்.

அன்றைய ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் இருந்தாள்.

“ஆசாரி வேண்டாம்ணே. அளந்துதான் வெட்டுனேன்.”

தான் வெட்டிய வாசலுக்குப் போனாள். அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். உள்ளங்கைகளை விளிம்பில் ஊன்றி எம்பி உட்கார்ந்தாள்.

இரண்டு கால்களும் வெளியே தொங்கின. தரையைத் தொடாத கால்களில் நல்லது எது, கெட்டது எது என்று பார்க்க ஒன்றுமில்லை.

ஊன்றுகோலை உள்ளே போட்டாள். பின்பக்கமாக நகர்ந்தாள். அவள் முழுசாக உள்ளே போன பிறகுதான் கால்கள் போயின. இடது கால் தானாக மடங்கி வந்தது. வலதை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்குள் கலெக்டரே வந்தாலும் இப்படித்தான் வந்தாக வேண்டும்.

அண்ணன் வாசலைப் பார்த்தான். அவள் கால்களைப் பார்த்தான். என்னமோ சொல்ல வாயைத் திறந்தான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே பெயின்ட் வாசனை. கூரை, கைக்கு எட்டுகிற தூரத்தில். காலை நீட்டிப் படுத்தாள். சந்தோஷமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

வெளியே மதினி முணுமுணுப்பது கேட்டது. ஒரு ஜோடிச் செருப்பு சரசரவென்று வீட்டுக்குள் போனது.

இன்னொரு ஜோடி போகவில்லை.

அண்ணன் வீட்டில் அவள் அறைக்கும் கதவு உண்டு. இஸ்திரிப் பெட்டி எடுக்க, காலி சிலிண்டர் வைக்க, காய்ந்த துணியைக் கொட்ட என்று யாராவது எப்போதும் தட்டாமலே திறந்துகொண்டு வருவார்கள். அவள் உடுத்திக்கொண்டிருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி. அண்ணனும் அப்படித்தான்.

கதவு லேசாக அதிர்ந்தது.

தெர்மகோலில் தட்டினால் பெரிதாகச் சத்தம் வராது. விரல் மடக்கித் தட்டுகிறான்.

எழுந்து உட்கார்ந்தாள். இன்னொரு தரம் தட்டட்டும் என்று இருந்தாள்.

தட்டினான்.

“யாரு?” என்று கேட்டாள்.