எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்

செங்கமலம் நாமக்கல்–திருச்சி பேருந்தில் நடத்துநர். முகம் தெரியாத ஒரு குழந்தையின் ரத்தப் புற்றுநோய்க்கு, முன்பு ஒரு முகாமில் கொடையாளியாகப் பதிந்திருந்த அவளுடைய ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல அணு) மட்டுமே பொருந்தியது. "உடம்புக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். அவள் சென்னைக்கு வந்து, நாலு மணி நேரம் ஊசிகளோடு அசையாமல் படுத்து, கொடுத்தாள்.

குழந்தையின் பேரையும் ஊரையும் சொல்லக்கூடாது என்றார் டாக்டர்.

"சரிங்க, தூரத்தயாச்சும் சொல்லுங்க."

"எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பிளேன்ல பதினோரு மணி நேரம்."

தினமும் எண்பது கிலோமீட்டருக்கு டிக்கெட் கிழிப்பவளுக்கு மலைப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவளுடைய ஸ்டெம் செல் அடங்கிய சிறிய பையைக் குளிர்பெட்டியில் வைத்து ஒருவர் விமானம் ஏறினார். செங்கமலம் பத்து மணிக்கு ஊருக்குப் பேருந்து ஏறினாள். விழுப்புரத்தில் எல்லோரும் டீ குடிக்க இறங்கியபோது, தன்னில் ஒரு பங்கு இந்நேரம் எந்தக் கடலைத் தாண்டுகிறதோ என்று வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சேலம் தாண்டியதும் மணி ஐந்து ஆனது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பேருந்தின் நடத்துநர் குனிந்தார்.

"லேட்டுன்னு பாக்கறீங்களா? முக்கா மணி நேரத்துல நாமக்கல் போயிரலாமுங்க."

"அதில்லீங்க. வெளிநாட்டுல ஒரு குழந்தைக்கு ஒண்ணு குடுத்தனுப்பினேன். இப்பத்தான் பிளேன் எறங்கியிருக்கும்."

"சொந்தக்காரக் குழந்தைங்களா?"

செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. ரத்த சொந்தம்."