ஸ்டார் தெரியாத வீடு

கண்ணாடி மறுபடியும் வேர்த்துவிட்டது.

ஞானம்மா முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் தெரு தெரிந்தது. உடனே மங்கிப்போனது.

சன்னலுக்கு உள்பக்கம் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்தாள். வைக்கோல், மாடு, மாதா சொரூபம், மேலே பல்பு எரிகிற சிவப்பு ஸ்டார். ஸ்டாரை வெளியே கட்டியிருக்கலாம். விடாத மழையில் காகிதம் ஊறிப்போகும்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. காய்ந்த சோப்பைக் கண்ணாடியில் தடவிப் பேப்பரால் தேய்த்தாள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று குடிலுக்குப் பின்னால் கிண்ணம் நிறையக் கல்லுப்பு வைத்தாள். ஸ்டவ்வைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே சோறு வடித்தாள். கொடியில் கிடந்த ஈரத்துணியையும் தாழ்வாரத்துக்கு மாற்றினாள். காற்று வர எதிர்ச்சன்னலைத் திறந்து வைத்தாள். மத்தியானம் முழுக்கக் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது.

கெடுத்தது அவள் புருஷன் அப்பாவு.

மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ஸ்டவ்வை உள்ளே தூக்கிவந்து சன்னலடியில் வைத்து, குண்டான் நிறையத் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். எதிர்ச்சன்னலையும் சாத்திவிட்டார். குளிருதாம், குளிக்கணுமாம். வருஷம் முழுக்கப் பச்சைத்தண்ணீரில் குளிக்கிற மனுஷன்.

மண்ணூரில் கேரல் பாடுகிறவர்கள் ஸ்டாரைப் பார்த்துத்தான் வீட்டுக்குள் வருவார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. மேளத்தை நிறுத்திவிட்டு அந்த வாசலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்.

மகன் லூர்து குவைத்துக்கு டிரைவராகப் போனவன். அங்கே சண்டை வந்ததிலிருந்து தகவல் இல்லை. கூட இருந்த படப்பை ஊர்க்காரன் மட்டும் திரும்பி வந்து, லூர்து தங்கியிருந்த கட்டடமே இப்போது இல்லை என்றான். கட்டடம்தானே இல்லை என்றாள் ஞானம்மா. அவளுக்குப் பிள்ளை இருக்கிறான். இன்றைக்குக் கேரல்காரர்கள் வந்து பாடிவிட்டால் ஊருக்கும் இருக்கிறான். ஆனால் அவர்களாக வரவேண்டும். வாசலில் நின்று கூப்பிட்டால் அது கணக்கில் வராது.

“அந்த ஸ்டவ்வ அணையேன்யா. ஸ்டார் தெரியலன்னா அவங்க இன்னா நெனச்சிக்குவாங்க?”

அப்பாவு திரியை இன்னும் ஏற்றினார்.

மேளம் நெருங்கியது. அவள் அழுதுகொண்டே துடைத்தாள். பக்கத்து வீட்டில் பாட்டும் கைத்தட்டலும் கேட்டன. அப்புறம் மேளம் நின்றது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும், ஆள் முகம் தெரியாமல், கண்ணாடியில் மஞ்சளாக நகர்ந்து போனது.

அடுத்த வீட்டில் மேளம் மறுபடி ஆரம்பித்தது.

ஞானம்மா புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பெத்த பிள்ளைக்கு ஒரு பாட்டு வராமல் பண்ணிய பாவி என்றாள். பாழாய்ப்போன வெந்நீரை அவர் தலையிலேயே கொட்டப்போவதாகச் சொன்னாள்.

அப்பாவு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கோயில் உபதேசியார் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். இனிமேலும் உங்கள் வீட்டில் பாடுவது முறையில்லை, ஸ்டார் எரிந்தாலும் வரமாட்டோம், ஊர் பேசி முடிவெடுத்துவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கண்ணாடி தெளிவாக இருந்திருந்தால், அத்தனை பேரும் ஸ்டாரை நிமிர்ந்து பார்ப்பதையும், சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்து போவதையும் அவள் பார்த்திருப்பாள்.

“ஆமா, என்னாலதான்,” என்றார் அப்பாவு. “அவங்க ஸ்டாரப் பாக்கவே இல்ல.”