பூசணிக்கு வரைந்த முகம்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் பூசணிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது.

அவளோடு ஒரே கொடியில் காய்த்த தங்கைகள் எல்லாரும் அரிவாள்மணைக்குப் போய்க் கூட்டாகிவிட்டார்கள். இவள் மட்டும் தப்பினாள். புது வீட்டுக்குத் திருஷ்டி படக் கூடாதென்று, இவள்மேல் உருட்டுக் கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"முகத்தை விறைப்பாவே வச்சுக்க," என்றது அவளைத் தாங்கிய கயிறு. "பயமுறுத்தாத முகத்துக்கு வாசல்ல என்ன வேலை? இறக்கி நறுக்கிடுவாங்க."

ஒரு நாள் அணில் வந்தது. அவள் பிஞ்சாக இருந்தபோது முதுகில் ஏறி விளையாடிய அதே அணில்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. எங்க பூசணியக்காவைப் பாத்தீங்களா? திருநீறு பூசினமாதிரி முகம். ரொம்பச் சாது."

அவளுக்குள் விதையெல்லாம் நடுங்கியது. 'நான்தாண்டா' என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே அரிவாள்மணையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அவளையா? போன வாரமே கூட்டு வச்சுட்டாங்க," என்றாள்.

அணில் விம்மி விம்மி அழுதது. அழுகை கேட்டு யாராவது எட்டிப் பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவள் உருட்டுக் கண்ணை இன்னும் பெரிதாக உருட்டினாள். அணில் அலறிக்கொண்டு ஓடியே போய்விட்டது.