நூறு பழச் சம்பளம்

கிளியும் அணிலும் ஒரே பொந்துல இருந்துச்சுங்க. எந்தப் பழம் கெடச்சாலும் ஆளுக்குப் பாதி. அப்பதான் கிளிக்கு சிங்கத்தோட ஆபீஸ்ல வேலை கெடச்சுது.

"மாசம் நூறு பழம்டா! ஆத்தோர ஆலமரத்துல பெரிய பொந்து பாத்துட்டேன், வாடகை அம்பது"ன்னுச்சு கிளி.

"கைக்கு எவ்வளவு வரும்னு கேட்டியா?"

"நூறுன்னா நூறுதான். முப்பது பழத்துக்கு நாயா அலையுற உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

அன்னிக்கே கிளி ஆலமரத்துப் பொந்துக்குக் குடிபோயிடுச்சு.

மாசக் கடைசில ஆபீஸ் கணக்குப்பிள்ளை நரி சம்பளக் கூடையக் கொண்டாந்து வச்சுது. எண்ணிப் பாத்தா அம்பத்தெட்டுதான்.

"மீதி எங்கய்யா?"

"பெரிய சம்பளம், பெரிய வரி. அது முப்பது. வயசான காலத்துக்குன்னு பன்னெண்டு பிடிச்சாச்சு. வேலை ஆர்டர்ல பின்பக்கம் போட்டிருக்கே, படிக்கலையா?"

எங்க படிச்சுது? முன்பக்கத்து நூறைத்தான் ஊரெல்லாம் காட்டிட்டுத் திரிஞ்சுது.

வாடகை போக மிஞ்சின எட்டுப் பழம் ஒரே வாரத்துல தீந்துபோச்சு. பசி தாங்காம கிளி பழைய மரத்துக்குப் பறந்துச்சு. பொந்துலேர்ந்து, கிளி இருந்த எடத்துக்குப் புதுசா வந்த ஒரு மைனா எட்டிப் பாத்துச்சு. கிளையில அணில் கொய்யாப்பழத்தோட உக்காந்திருந்துச்சு. கிளியப் பாத்ததும் பழைய பழக்கத்துல பழத்த ரெண்டாப் பிச்சுது.

"வாங்க சார். சம்பளம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"முழுசா நூறும்?"

கிளி தலையக் குனிஞ்சுகிட்டு, "நூறும்தான்"னுச்சு.

"அப்ப சரி"ன்னு சொல்லிட்டு, நீட்டப்போன பாதிய அணில் மைனாகிட்ட கொடுத்துச்சு.