வழுக்கையில் குடியேறிய மங்கு

பூங்கோதையின் கன்னத்து மங்கு அழியாது, வேறொருவர் உடம்புக்கு மாற்றிவிடத்தான் முடியும் என்றார் டாக்டர். "ஆனா வெயில்ல சுத்துனீங்கன்னா புதுசா வந்துடும்மா."

"என் வழுக்கையில ஏத்துங்க. அங்க எவன் பார்க்கப்போறான்?" என்று தலையைக் கொடுத்தார் கணவர் தணிகாசலம். பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊரே பார்த்தது. நெற்றிக்கு மேல் படர்ந்த மங்கு, பத்தடி தள்ளி நின்றால் முடி மாதிரியே இருந்தது. "என்ன சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க!" என்றார் கீழ்வீட்டுக்காரர். உச்சியில் மட்டும் ஒரு வட்டம் நிரம்பாமல் பளபளத்தது.

மறுநாள் கடைக்குக் கிளம்பிய பூங்கோதை, குடையைக் காணாமல் வீடெல்லாம் தேடினாள். தணிகாசலம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

உச்சி வட்டத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏன் கோதை, இந்த வருஷம் மாடியில வத்தல் போடலையா?"