தெருமுனையில் ஓர் இறக்கை

புதிய காற்றாலைப் பூங்காவுக்கு இறக்கை ஏற்றிவந்த லாரி, தெருமுனையில் திரும்ப முடியாமல் இரண்டு நாளாக நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய் ஆவுடைத்தங்கம் கட்டிய வீட்டின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இறக்கையின் நுனி முட்டியது. சுவரை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டித் தருவதாக என்ஜினியர் ஜெசிந்தா எவ்வளவோ கெஞ்சியும் அவள் மசியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாடியில் நின்று அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தவள், “இது சுத்துறது இங்கருந்து தெரியுமா?” என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

“தெரியும்க்கா. மேக்க பாத்து நின்னா நல்லாவே தெரியும்,” என்றாள் ஜெசிந்தா.

“நின்னா தெரியும். உக்காந்தா இந்தச் சுவரு மறைச்சிருமே.”

கடப்பாரையை ஆவுடைத்தங்கமே எடுத்தாள்.

உச்சிவெயிலில் லாரி ஊர்ந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. சுவர் இருந்த இடத்தின் வழியாக இறக்கை வெள்ளைவெளேரென்று மாடிக்குள் நுழைந்தது. செங்கல் தூசி படிந்த கையை அவள் அதன்மேல் வைத்தாள். சூடாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் அது வழுக்கிக்கொண்டே போனது.

“இன்னும் போகுது புள்ள,” என்று ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னும் போகுது.”