மலர்வளையத்து ரிப்பன்

போலந்திலிருந்து வந்திறங்கிய பெட்டியில், இன்பராஜின் நெஞ்சின் மேல் ஒரு வெள்ளை ரிப்பன் கிடந்தது. மலர்வளையத்தோடு கட்டுவது அந்த ஊர் வழக்கமாம்.

“என்ன எழுதியிருக்கு தம்பி?” என்று கேட்டாள் அவன் மனைவி ஜெனோவா.

“கம்பெனி போட்ட இரங்கல், அக்கா.” அங்கே கூட வேலை பார்த்து, உடலோடு வந்த சகாயம் தரையைப் பார்த்தான்.

அவளுக்கு அந்த மொழி தெரியாது. அந்த வரி தெரியும். காதலைப் பற்றி அங்கே சொல்லும் பழமொழி என்று கல்யாண நாள்தோறும் இன்பராஜ் எழுதி அனுப்பியது. லீவுக்கு வருகிறவனிடம் காட்டத்தான் போன மாதம் அதை முன்கையில் பச்சை குத்தியிருந்தாள். கையை ரிப்பனோடு சேர்த்து வைத்தாள். எழுத்துக்கு எழுத்து அதேதான். ரிப்பனில் மட்டும், கீழே, அன்னா என்றொரு பெயர்.

“ரிப்பன அவருகூடவே புதைச்சிரலாம் தம்பி,” என்றாள். “இந்தக் கைய என்ன செய்ய?”